புறா குஞ்சு வாயில மஞ்சளா கட்டியிருக்கு, பூச்சி மருந்து ஊத்தலாமா?

திண்டுக்கல்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. மொட்டை மாடியில 12 ஜோடி கர்ண புறா வச்சிருக்காராம். ரெண்டு மாசமா பொரிக்கிற குஞ்செல்லாம் 10, 12 நாள்ல செத்துப்போகுது, வாயைத் தொறந்து பார்த்தா உள்ள மஞ்சளா பனீர் துண்டு மாதிரி ஒட்டிக்கிட்டு இருக்கு, நாத்தம் வேற. தாய் தகப்பன் புறா ரெண்டும் நல்லாத்தான் பறக்குதாம். புறா வாங்கிக் குடுக்கிற புரோக்கர் "வயித்துல பூச்சி, ஆல்பென்டசோல் சிரப் வாங்கி எல்லாத்துக்கும் ஊத்து"ன்னு சொல்லிட்டாரு, ஊத்தலாமான்னு கேக்குறாரு.

ஊத்தாதீங்க தம்பி. நீங்க சொல்றதைப் பார்த்தா இது கேன்கர், புறாவுக்கு வாய், தொண்டையில வர்ற நோய், புற்றுநோய் கிடையாது. ட்ரைக்கோமோனாஸ்னு கண்ணுக்கே தெரியாத ஒரு ஒட்டுண்ணி, அது புழு கிடையாது, அதனால புழு மருந்து எத்தனை பாட்டில் ஊத்தினாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. பெரிய புறா தொண்டையில அது பாட்டுக்கு இருக்கும், வெளிய ஒண்ணும் தெரியாது. குஞ்சுக்கு புறா பால் (தாய் தகப்பன் தொண்டைப் பையில சுரக்கிறது) ஊட்டும்போது அதோடவே உள்ள போயிடும். அதான் தாய் பறக்குது, குஞ்சு சாகுது. அம்மை கண்டாலும் வாய்க்குள்ள இப்படி கட்டும், ஆனா அதுல பெரும்பாலும் மூக்கு, கண்ணு, கால்லயும் பொருக்கு தெரியும்.

ஆல்பென்டசோல் விஷயத்தை கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன், ஏன்னா இதுல போன உசுரு ஏராளம். ஆட்டுக்கு குடுக்கிறோம், நாய்க்கு குடுக்கிறோம், நம்ம பிள்ளைங்களுக்கே பள்ளிக்கூடத்துல குடுக்கிறாங்க, அப்புறம் புறாவுக்கு என்னன்னு தோணும். புறாவுக்கு ஆகாது. ஆல்பென்டசோல், ஃபென்பென்டசோல் ரெண்டுமே புறா எலும்பு மஜ்ஜையை அடிச்சிடும், வெள்ளை அணு இறங்கிடும், குடலும் கெடும், றெக்கை முளைக்கிற நேரத்துல குடுத்தா இறகு கோணலா வரும். குடுத்த அன்னைக்கு ஒண்ணும் தெரியாது, சில நாள் கழிச்சு சோர்ந்து உக்காந்து செத்துப்போகும், நீங்களும் நோய்லதான் போச்சுன்னு நினைச்சுக்குவீங்க. கோழிக்கு ஒத்துக்குச்சேன்னு சொல்லாதீங்க, கோழி வேற புறா வேற. எச்சத்தை டெஸ்ட் பண்ணி நிஜமாவே உருண்டைப்புழு இருந்தா பைரன்டெல், லெவமிசோல்னு வேற மருந்து இருக்கு, அதையும் டாக்டர் எடை பார்த்துதான் குடுக்கணும்.

கேன்கருக்கு மெட்ரோனிடசோல் கேக்கும். இங்கயும் ஒரு தப்பு நடக்குது. கடையில 400 மில்லிகிராம் மாத்திரையை உடைச்சு "பாதி போடு"ங்கிறாங்க. 300 கிராம் புறாவுக்கு கிலோவுக்கு 50 மில்லிகிராம் கணக்குல 15 மில்லிகிராம்தான் வருது, பாதி மாத்திரை 200! பதிமூணு மடங்கு, தலை ஆடி சுருண்டு விழுந்துடும். குழந்தைங்க சிரப்ல 5 மில்லியில 200 மில்லிகிராம் இருக்கிறதுன்னா 200 கிராம் குஞ்சுக்கு கால் மில்லி. லேபிளை கண்டிப்பா படிங்க, 100 இருக்கிற சிரப்பும் வருது. ஊசி இல்லாத 1 மில்லி சிரிஞ்ச்ல, ஒரு நாளைக்கு ஒரு தடவை, 5 நாள். ஜோடி ரெண்டுக்கும் சேர்த்து குடுக்கணும், குஞ்சுக்கு மட்டும் குடுத்தா அடுத்த ஊட்டல்லயே திரும்ப வந்துடும். தண்ணியில கலக்காதீங்க, கசப்புக்கு குடிக்காது.

அந்த மஞ்சளை குச்சி வச்சு சுரண்டாதீங்க. ஒருத்தர் சந்தையில ஜோடி வாங்கி நேரா என்கிட்ட கொண்டு வந்தாரு, "பளிச்சுன்னு இருக்கு சார்"னாரு. டார்ச் அடிச்சு பார்த்தா மேலண்ணத்துல பச்சைப் புண்ணு, ரத்தம் உறைஞ்சு ஒட்டியிருக்கு. விக்கிறதுக்கு முன்னாடி சுரண்டி விட்டிருக்கான் புரோக்கர்! பேர் இல்லாத மஞ்ச பவுடரை பொட்டலம் கட்டி விக்கிறதும் இதே ஆளுங்கதான். என்ன மருந்துன்னு எழுதாத எதையும் வாங்காதீங்க. புதுப்புறா வாங்கினா ஒரு மாசம் தனிக் கூண்டு, தனித் தண்ணி.

டெஸ்ட் ரொம்ப சுலபம். தொண்டையில பஞ்சு தடவி ஒரு சொட்டு சலைன்ல வச்சு, சூடு ஆறுறதுக்குள்ள மைக்ராஸ்கோப்ல பார்த்தா துள்ளிக்கிட்டு ஓடும். ஆறிட்டா அசையாது, கண்டுபிடிக்கிறது கஷ்டம், அதனால சாம்பிளை டப்பாவுல போட்டு அனுப்பாதீங்க, புறாவையே தூக்கிட்டுப் போங்க. ஆனா எத்தனை இடத்துல பார்க்கிறாங்க? மைக்ராஸ்கோப்புக்கு உறை போட்டு அலமாரியில வச்சிருக்காங்க, புறான்னு சொன்னாலே "மாடு பார்க்கவே நேரமில்ல"ங்கிறாங்க. டாக்டர் பார்க்காததாலதான் ஜனங்க புரோக்கர்கிட்ட போகுது, எனக்கு இது எரிச்சலா இருக்கு. உங்களுக்கு நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி போக முடியும், கோழிப் பண்ணை ஊரு, பறவை பார்த்துப் பழகினவங்க இருக்காங்க. உயிரோட இருக்கிற குஞ்சு ஒண்ணையும் அதோட தாயையும் கொண்டு போங்க.

இன்னைக்கே செய்ய வேண்டியது தண்ணிச் சட்டி. இந்த ஒட்டுண்ணி காஞ்சா தாங்காது. ரெண்டு செட் சட்டி வாங்கி, ஒண்ணு தேய்ச்சு மாடி வெயில்ல நாள் முழுக்க காயட்டும், இன்னொண்ணுல தண்ணி வைங்க, தினமும் மாத்துங்க. ரெண்டு ஈடும், அதாவது ரெண்டு தடவை பொரிச்சும், குஞ்சு செத்த ஜோடியை மருந்து முடியிற வரைக்கும் அடை வைக்க விடாதீங்க, சந்தையிலயும் தள்ளி விட்டுடாதீங்க.