தூங்கி எழுந்தும் தீராத அசதி

கேள்வி: எனக்கு 42 வயது. பள்ளி ஆசிரியை. வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், ஏழு மணி நேரம் தூங்குகிறேன். ஆனாலும் காலையில் எழும்போதே உடம்பு அடித்துப்போட்டது போல் இருக்கிறது. நான்கு முறை காபி குடித்துத்தான் நாளை ஓட்டுகிறேன். மருந்துக்கடையில் கொடுத்த டானிக்கை இரண்டு மாதம் குடித்தும் பலனில்லை. சாப்பிட்ட சாப்பாட்டின் சக்தியெல்லாம் எங்கே போகிறது?
- வாசகி, தஞ்சாவூர்

பதில்: குதிரில் நெல் நிறைந்திருந்தாலும், அதைக் குத்தி உலையில் இட்டால்தான் சோறு. உடலிலும் அப்படித்தான். நீங்கள் உண்ணும் இட்லியின் மாவுச்சத்து குளுக்கோஸாகி இரத்தத்தில் கலந்து, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் போய், அங்கே ஏடிபி என்ற வேதிப்பொருளாக அதன் ஆற்றல் மாற்றப்பட்ட பிறகே தசையும் மூளையும் அதைப் பயன்படுத்த முடியும். இந்த ஏடிபியைச் சேர்த்து வைக்க உடலில் வழியில்லை. எந்த நேரத்திலும் கையிருப்பு சுமார் 100 கிராம்தான். ஆனால் சும்மா படுத்திருப்பவருக்கே ஒரு நாளைக்கு 40 கிலோ அளவுக்கு ஏடிபி செலவாகிறது. அதாவது, அதே 100 கிராம் நாள் முழுவதும் நூற்றுக்கணக்கான முறை உடைந்து, மீண்டும் மீண்டும் உருவாகிறது.

இந்த வேலையின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியா எனும் நுண்ணுறுப்புகளில் நடக்கிறது. ஆக்சிஜன் இல்லாமல் ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கிடைப்பது 2 ஏடிபி. ஆக்சிஜன் இருந்தால் ஏறத்தாழ 30. ஆகவே, சாப்பாடு சரியாக இருந்தும் அசதி தீரவில்லை என்றால், அடுத்து ஆக்சிஜன் போய்ச் சேருகிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் சுமப்பது ஹீமோகுளோபின். ஹீமோகுளோபினுக்கு அடிப்படை இரும்புச்சத்து. மைட்டோகாண்ட்ரியாவின் உள்ளே ஆற்றலைக் கைமாற்றிவிடும் புரதங்களுக்கும் இரும்பு வேண்டும் என்பதால், ஹீமோகுளோபின் குறைவதற்கு முன்பே சிலருக்கு அசதி தொடங்கிவிடுகிறது.

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 57 சதவீதத்தினருக்கு இரத்தசோகை உள்ளது. உங்கள் வயதில் மாதவிடாயின்போது அதிகமாக இரத்தம் போவது ஒரு முக்கியக் காரணம்; அதை மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஹீமோகுளோபின் (கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு 100 மில்லி இரத்தத்தில் 12 கிராமுக்குக் கீழ் போகக் கூடாது), இரும்புக் கையிருப்பைக் காட்டும் பெரிட்டின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 ஆகிய பரிசோதனைகளைச் செய்து பாருங்கள். அசைவம் சாப்பிடாதவர் என்றால் பி12-ஐ விட்டுவிடாதீர்கள்.

உங்கள் காபியைப் பற்றியும் சொல்ல வேண்டும். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கிறது. காபியில் உள்ள கஃபீன் அந்தச் செய்தி மூளைக்கு எட்டாமல் தடுக்கிறதே தவிர, புதிதாக ஆற்றல் எதையும் தருவதில்லை. குடித்ததில் பாதி வெளியேறவே ஐந்தாறு மணி நேரம் ஆகும் என்பதால், மாலைக் காபி இரவுத் தூக்கத்தின் ஆழத்தைக் கெடுக்கும். ஏழு மணி நேரம் படுத்தும் தூங்கிய நிறைவு வராததற்கு இதுவும் காரணமாகலாம். சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் காபியும் தேநீரும் கீரை, பருப்பில் உள்ள இரும்பை உடல் உறிஞ்சவிடாமல் செய்யும். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள்; முருங்கைக்கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேருங்கள். ஆனால் பரிசோதனையில் குறைபாடு உறுதியானால் கீரை மட்டும் போதாது, மாத்திரை தேவைப்படும். மலம் கறுத்துப் போவதைக் கண்டு பாதியில் நிறுத்திவிடுபவர்கள் ஏராளம். இரும்பு மாத்திரைக்கு அது இயல்புதான்.

டானிக்கைப் பொறுத்தவரை, அதில் பெரும்பாலும் இருப்பவை பி வைட்டமின்கள்தான். அவை குறைவாக இருப்பவருக்கு அது மருந்து. போதிய அளவு இருப்பவருக்கு வீண் செலவு.

கேள்வி: மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் உட்கார்ந்தபடியே தூங்கிவிழுகிறேன். வயது 50. இது நோயா?
- வாசகர், மதுரை

பதில்: பிற்பகலில் விழிப்பு சற்றுத் தணிவது உடலின் கடிகாரத்திலேயே உள்ளது, வயிறு நிறைய வெள்ளைச் சோறு அதை இன்னும் கூட்டும். சோற்றைக் குறைத்துக் காய், பயறு, மோர் என்று மாற்றிப் பாருங்கள். இருபது நிமிடம் கண்ணயர்வதில் தவறில்லை. ஆனால் இரவில் பலத்த குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறி எழுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆம் என்றால் அது தூக்க மூச்சுத்தடையாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. அதுவரை தூக்கக் கலக்கத்தில் வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: களைப்பாக இருக்கும்போது குளுக்கோஸ் பொடி நல்லதா?
- கல்லூரி மாணவர், திருநெல்வேலி

பதில்: சாப்பிடாமல் நீண்ட நேரம் உழைத்தவருக்குச் சிறிது நேரம் கைகொடுக்கும். மற்றபடி உங்கள் கல்லீரலிலும் தசைகளிலும் ஏற்கெனவே ஏறத்தாழ 500 கிராம் சர்க்கரை கிளைக்கோஜனாகச் சேர்ந்துள்ளது. வெயிலில் வியர்த்தவருக்கு உப்பிட்ட மோரோ கஞ்சியோ மேல்.

கேள்வி: அசதியாக இருக்கும்போது நடைப்பயிற்சி செய் என்கிறார்கள். இருக்கும் சக்தியும் போய்விடாதா?
- வாசகி, கோவை

பதில்: ஓடத் தொடங்கும் முதல் சில நொடிகளுக்குத் தசைக்குக் கைகொடுப்பது, செலவான ஏடிபியை உடனே மீட்டுத் தரும் பாஸ்போகிரியாட்டின் என்ற வேதிப்பொருள். அதை 1927-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் உயிர்வேதியியலாளர் சைரஸ் ஃபிஸ்குடன் சேர்ந்து கண்டறிந்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ். (கதர் உடுத்தியதற்காக அவருக்கு முழு மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டதாகச் சொல்வார்கள்.) அந்தச் சில நொடிகளைத் தாண்டி நடப்பதற்கு மைட்டோகாண்ட்ரியா வேண்டும். தொடர்ந்து பயிற்சி பெற்ற தசையில் அவற்றின் திறன் பெருகுவதை 1967-இல் அமெரிக்க ஆய்வாளர் ஜான் ஹாலோசி எலிகளில் காட்டினார். மனிதர்களிலும் பின்னர் அது உறுதியானது. எனவே முதல் இரண்டு வாரம் சிரமமாக இருந்தாலும், பத்து நிமிடத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு, சிறிது உழைத்தாலே மறுநாள் எழுந்திருக்க முடியாத அளவுக்கு அசதி கூடுபவர்கள் இந்த ஆலோசனையைப் பின்பற்ற வேண்டாம். மல்லுக்கட்டி நடப்பது அவர்களுக்குக் கெடுதல். அசதியுடன் எடை குறைதல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மூச்சுவாங்கல் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால், நடைப்பயிற்சியைத் தள்ளிவைத்து முதலில் மருத்துவரைப் பாருங்கள்.