கல் எடுத்த பிறகும் பித்தநாளம் சுருங்கினால் டாக்டர் காரணமா?

ஈரலிலிருந்து குடலுக்குப் பித்தம் கொண்டுபோகும் பித்தநாளத்தில் கல் அடைத்து, காய்ச்சல் முற்றி ஐசியுவில் கிடந்த அப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்தும் மஞ்சள் காமாலை இறங்கவில்லை, நாளம் பல இடங்களில் சுருங்கிவிட்டது, டாக்டர் கெடுத்துவிட்டாரா என்கிறீர்கள். கேஸ் போடச் சொல்லி வீட்டில் யாராவது ஏற்றிவிட்டிருப்பார்கள். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

நான் டாக்டர் இல்லை. வளைகுடாவில் ஐசியு நர்ஸாக இருந்தவள். நர்ஸுக்கு என்ன தெரியும் என்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

தக்கலையில் என் பெரியம்மாவுக்கும் இதே கல், இதே குளிர்நடுக்கம். அடைபட்ட நாளத்தில் ஈகோலை போன்ற கிருமிகள் பெருகும். உள்ளே அழுத்தம் ஏற ஏற, கிருமியும் அதன் எண்டோடாக்சினும் ரத்தத்துக்குள் தள்ளப்படும். அந்த நச்சால் ஈரல் பித்தம் சுரப்பது குறையும். அப்புறம் ரத்தக்குழாய்கள் தளர்ந்து பிபி விழும். பெரியம்மாவுக்கு அன்று ராத்திரி நார்அட்ரீனலின் ஓட்டித்தான் பிபியைப் பிடித்தார்கள்.

நாளத்துக்கு அடி விழுவது அங்கேதான். ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்து ரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரை வழியாக, மீதிதான் தமனி வழியாக. பித்தநாளத்துக்கோ தமனியை விட்டால் வேறு போக்கில்லை. கிணறும் பைப்பும் உள்ள வீட்டில், மாடித் தொட்டிக்கு மட்டும் பைப் தண்ணீர்தான் என்றால் எப்படி, அப்படி. பைப் நின்றால் கீழே சமாளிக்கலாம், மாடி காய்ந்துவிடும். பிபி விழுந்து கிடக்கும்போது நாளத்தின் உள்தோல் செத்து உரிந்து, கட்டி கட்டியாக அடைத்து, வாரக்கணக்கில் தழும்பாகிச் சுருங்கும். பிபியை ஏற்றும் மருந்தும் ரத்தக்குழாயை இறுக்கித்தான் ஏற்றுகிறது. அதற்காக அதைக் கொடுக்காமல் இருந்தால் ஆளே இருக்க மாட்டார்.

டாக்டர்கள் தப்பே செய்வதில்லை என்று நான் சொல்லவில்லை. பித்தப்பை ஆபரேஷனில் தமனியோ நாளமோ வெட்டுப்பட்டு இப்படி ஆவதும் உண்டு. ஆனால் ஆபரேஷன் நடந்ததாக நீங்கள் எழுதவில்லை.

எனக்கு ஆற்றாமை சொந்தக்காரர்கள் மேல்தான். கையில் ஆரஞ்சுப் பையோடு வந்து, "நேரே திருவனந்தபுரம் கொண்டு போயிருக்கணும் மக்களே" என்று ஆளாளுக்குத் தீர்ப்பு. நடுக்கம் வந்த முதல் ரெண்டு நாளும் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தால் போதும் என்று தடுத்தவர்களும் இவர்களேதான். பில் கட்டும் நேரத்தில் ஒருத்தரையும் காணோம்.

சரி, அப்பாவுக்கு ஐசியுவில் பிபி எவ்வளவு நேரம் கீழே இருந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கிறதா பாருங்கள். ஏஎல்பி (பித்த அடைப்பில் ஏறும் ரத்தப் பரிசோதனை அளவு) எவ்வளவு, எம்ஆர்சிபி (பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்ஐ ஸ்கேன்) எடுத்தார்களா என்பதையும் எழுதுங்கள்.