அப்பா கண்ட அப்பாயி

கேள்வி: புற்றுநோயோடு படுத்திருந்த என் அப்பா, கடைசி வாரத்தில், எப்போதோ இறந்துபோன அப்பாயி கட்டிலோரம் நிற்பதாகச் சொன்னார். "யாருமில்லப்பா, தூங்குங்க" என்று அதட்டினேன். நர்ஸோ, "வெளியூர்ல இருக்கறவங்கள வரச் சொல்லிடுங்க" என்றார். படித்தவரே மூடநம்பிக்கையைப் பரப்பலாமா?
- வாசகர், திருவையாறு

பதில்: அது மூடநம்பிக்கை இல்லை. ராத்திரி டியூட்டியில் பல கட்டில்களின் பக்கத்தில் நின்று கற்றது. அமெரிக்காவில் பஃபலோ நகரத்து மருத்துவர் கிறிஸ்டோபர் கெருக்கும் இதை முதலில் உணர்த்தியவர் ஒரு நர்ஸ்தான். அவருடைய குழு, சாவை எதிர்நோக்கியிருந்த 59 பேரிடம் தினமும் பேசி 2014இல் ஆய்வை வெளியிட்டது. பத்தில் ஒன்பது பேருக்குக் கிட்டத்தட்ட இப்படிக் கனவோ காட்சியோ வந்திருந்தது. முடிவு நெருங்க நெருங்க இறந்துபோன உறவுகள் அதிகம் வந்தார்கள். அதிக ஆறுதல் தந்ததும் அவர்கள்தான். வந்தது ஆவியா, மூளையின் வேலையா என்று அந்த ஆய்வு தீர்ப்பு எழுதவில்லை. உங்கள் நர்ஸும் எழுதவில்லையே! ஆட்களை வரச் சொன்னார், அவ்வளவுதான்.

பயணத்துக்குக் கிளம்புகிற கனவும் அங்கே பலருக்கு வந்தது. நீடாமங்கலத்தில் என் தாத்தா மண்வெட்டியைத் தேடினார். "ஆத்துல தண்ணி வந்துட்டு, மடையத் தொறக்கணும்" என்றார். சித்திரை மாதம், ஆறு வெறும் மணல். "தொறந்தாச்சு, நீங்க படுங்க" என்றாள் பாட்டி. அவரும் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். நோயாளி மிரண்டு, ஆள் அடையாளம் தெரியாமல், டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கினால் அது சித்தக் குழப்பமாக இருக்கலாம். கிருமித்தொற்று, சிறுநீர் அடைப்பு, உப்புச்சத்துக் குறைவு, மருந்து என்று காரணம் எதுவாகவும் இருக்கும். உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். உங்கள் அப்பா அப்படி மிரண்டதாக நீங்கள் எழுதவில்லை. தன் அம்மாவைப் பார்த்தேன் என்றார், அவ்வளவே. "அப்பாயி என்ன சொன்னாங்கப்பா?" என்று நீங்கள் கேட்டிருக்கலாம். பயத்தில் அதட்டிவிட்டீர்கள், புரிகிறது.

அந்த நர்ஸ் இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறார் என்றால் ஒரு நடை போய்ப் பாருங்கள். நீங்கள் இல்லாத ராத்திரிகளில் அப்பா வேறு என்ன பேசினார் என்று அவருக்குத் தெரிந்திருக்கலாம்.