பென்சிலை எடுக்காமல்

அன்புள்ள அம்மா,

நான் திருவண்ணாமலைக்கு அருகே ஓர் ஊரில் தமிழ் வழியில் படித்தவள். இப்போது மும்பையில், முலுண்டில் தங்கி, ஒரு தனியார் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் ஒரு கூட்டத்தில் 'வி டிஸ்கஸ்ட் அபௌட் தி இன்க்ரீஸ் ஆஃப் காஸ்ட்' என்று சொன்னேன். ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழைகள் என்று மேலாளர் எல்லோர் முன்னிலையிலும் திருத்தினார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. 'குட் அட்', 'மேரிட் டு', 'இன்டரஸ்டட் இன்' போன்றவற்றுக்கு விதி ஏதாவது உண்டா? எந்தப் புத்தகத்தை வாங்கலாம்? தமிழில் இந்தத் தொல்லையே இல்லை. தமிழ் வழியில் படித்ததுதான் என் குறையோ என்று தோன்றுகிறது.

க., முலுண்டு

அன்புள்ள க.,

புத்தகத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மாணவர்களுக்கான நல்ல ஆங்கில அகராதி எதை எடுத்தாலும், பெயரடைக்கும் பெயர்ச்சொல்லுக்கும் பக்கத்திலேயே அதனுடன் சேரும் பிரிபொசிஷனை, அதாவது 'இன்', 'ஆஃப்', 'டு' போன்ற சிறு சொல்லைக் கொடுத்திருப்பார்கள், அது போதும். உங்கள் மேலாளரைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை. தூக்கம் வரவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதைப் படித்துவிட்டு நானும் வெகுநேரம் விழித்திருந்தேன், ஏனென்றால் இருபது வயதில் இதே ஊரில் அப்படிப்பட்ட இரவுகள் எனக்கும் இருந்தன.

ஆனால் தமிழில் இந்தத் தொல்லை இல்லை என்று எழுதினீர்களே, அதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியாது. பன்னிரண்டு ஆண்டுகள் தமிழ் வழியில் படித்த ஒருவர் இப்படி எழுதலாமா? 'நாய்க்குப் பயம்' என்று சொல்லிப் பாருங்கள். பயப்படுவது நாயா, நாயைக் கண்ட மனிதரா? 'அவன் மேல் கோபம்' என்கிறோம், 'அவனிடம் அன்பு' என்கிறோம், 'அவனோடு சண்டை' என்கிறோம். கோபம் ஏன் ஒருவர் மேல் ஏற வேண்டும், சண்டை ஏன் அவரோடு சேர்ந்து நடக்க வேண்டும் என்று நீங்கள் ஒரு நாளும் விதி கேட்டதில்லை. தொல்காப்பியர் அச்சம் என்ற ஒரு சொல்லுக்காகவே தனியாக ஒரு நூற்பா செய்திருக்கிறார்: 'அச்சக் கிளவிக்கு ஐந்தும் இரண்டும் எச்சம் இலவே பொருள்வயினான.' அஞ்சுதலைக் குறிக்கும் சொல்லுக்கு ஐந்தாம் வேற்றுமையும் வரலாம், இரண்டாம் வேற்றுமையும் வரலாம், இரண்டும் குறைவில்லாதவை என்பது பொருள். 'புலியின் அஞ்சினான்' என்றாலும் சரி, 'புலியை அஞ்சினான்' என்றாலும் சரி. நாமோ இன்று 'புலிக்கு அஞ்சினான்' என்று நான்காம் வேற்றுமையில் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஆங்கிலேயர் 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்பார்கள். அந்த 'ஆஃப்' பழைய ஆங்கிலத்தில் 'விலகி, நீங்கி' என்ற பொருளில் வழங்கிய சொல். 'ஆஃப்' என்றே நாம் எழுதும், விளக்கை அணைக்கச் சொல்லும் சொல்லும் அதுவும் ஒரு காலத்தில் ஒன்றுதான். நம் ஐந்தாம் வேற்றுமைக்கும் நீங்கல் ஒரு பொருள். அஞ்சுபவர் விலகி நிற்கிறார் என்பது இரண்டு மொழிக்கும் தெரிந்திருக்கிறது. தமிழை ஊன்றிப் படித்தவருக்கு இது ஒரு சொத்து, அதைக் குறை என்று இனி யாரிடமும் சொல்லாதீர்கள்.

உங்கள் இரண்டு பிழைகளுக்கு வருகிறேன். 'டிஸ்கஸ்' என்னும் வினை பேசப்படும் பொருளை நேராகத் தழுவிக்கொள்ளும்; 'டிஸ்கஷன்' என்று பெயராக்கிவிட்டால்தான் 'அபௌட்' வேண்டும். 'ரிக்வெஸ்ட்', 'டிமாண்ட்' இரண்டும் அப்படியே. வினையாக வரும்போது தனியாக நிற்பவை, பெயராக வரும்போது 'ஃபார்' கேட்கும். தமிழிலும் 'தோழியைச் சந்தித்தேன்' என்பவர் அதைப் பெயராக்கும்போது 'தோழியுடனான சந்திப்பு' என்கிறாரே. 'இன்க்ரீஸ்' என்ற சொல்லுக்குப் பின் எது கூடியது என்று சொல்ல 'இன்', எவ்வளவு கூடியது என்று சொல்ல 'ஆஃப்': 'இன்க்ரீஸ் இன் காஸ்ட்', 'இன்க்ரீஸ் ஆஃப் டென் பர்சென்ட்'. 'சீனியர்', 'ஜூனியர்', 'சுப்பீரியர்' ஆகியவை லத்தீன் ஒப்பீட்டுச் சொற்கள், அவற்றுக்குப் பின் 'தேன்' (than) வராது, 'டு' வரும். விதி என்று கேட்டால் இப்படிச் சிலவற்றைச் சொல்லலாம். மற்றவை வழக்கு.

வழக்கை நான் கற்றது சுருக்கெழுத்தில். 1973-இல் மாட்டுங்காவில், ரயில் நிலையத்துக்குக் கிழக்கே ஒரு மாடியறையில், காலை ஏழு மணி வகுப்பு. தமிழ்ப் பிள்ளைகள் பம்பாய்க்கு வந்து இறங்கினால் முதலில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்றுக்கொண்ட காலம் அது. இங்கிலாந்தில் ஐசக் பிட்மன் 1837-இல் வெளியிட்ட அந்த முறையில் எழுத்து கிடையாது, ஒலிக்குத்தான் கோடு. 'பம்பரம்' என்று சொன்னால் முதலில் வரும் பகர ஒலிக்கு மெல்லிய கோடு, நடுவில் வரும் பகர ஒலிக்கு அதே கோட்டை அழுத்தி எழுத வேண்டும். அதற்காகவே பென்சிலை மென்மையாகப் பிடிக்கச் சொல்வார் எங்கள் ஆசிரியர்.

வேகம் நிமிடத்துக்கு எண்பது சொற்களைத் தாண்டாமல் நான் தவித்த நாட்களில், ஒரு நாள் அவர் என் நோட்டின் மேல் குனிந்து, 'ரெஸ்பான்சிபிள்' என்ற வடிவத்துக்கும் 'ஃபார்' என்ற வடிவத்துக்கும் நடுவே கிடந்த வெள்ளை இடத்தில் விரலை வைத்தார். "இந்த இடத்தில்தான் நீ தமிழுக்குப் போய்விட்டுத் திரும்பி வருகிறாய். இதற்கு அரை நொடி ஆகிறது" என்றார். பிறகு என் பென்சிலை வாங்கி, இரண்டு சொல்லையும் கையைத் தூக்காமல் ஒரே இழுப்பில் எழுதிக் காட்டினார். பிட்மன் முறையில் இதற்குத் தொடர் எழுதுதல் என்று ஒரு தனிப் பயிற்சியே உண்டு. 'வித் ரிகார்டு டு', 'இன் ரிப்ளை டு', 'ஐ ஆம் ஷ்யூர்' எல்லாம் அங்கே ஒரே வடிவம், அதாவது ஒரே சொல். அந்த நாள் முதல் 'இன்டரஸ்டட்' என்ற சொல் எனக்குத் தனியாகத் தெரிந்ததே இல்லை. 'இன்டரஸ்டடின்' என்றுதான் கேட்கிறது.

இன்னொன்றும் சொன்னார், அதை நான் இந்த ஐம்பது ஆண்டுகளில் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். இரண்டு பெயர்ச்சொற்களுக்கு நடுவே 'ஆஃப் தி' வந்தால் பிட்மன் முறையில் அதை எழுதவே வேண்டாம். இரண்டாவது சொல்லை முதல் சொல்லுக்கு மிக அருகில் எழுதினால் போதும், இது அதனுடையது என்று அந்த நெருக்கமே சொல்லிவிடும். அவர் சொல்லி முடித்ததும் எனக்குப் பள்ளிக்கூடத் தமிழ் வகுப்பு நினைவுக்கு வந்தது. மரத்தினது கிளை என்பதை 'மரக்கிளை' என்று சொல்லும்போது உருபு மறைகிறது, சொற்கள் நெருங்குகின்றன. ஆறாம் வேற்றுமைத் தொகை என்று மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஒன்றை, கடல் தாண்டி இருந்த ஒருவர் காகிதத்தில் இரண்டு கோடுகளை ஒட்டி வைத்துச் செய்திருக்கிறார். அன்று கிங்ஸ் சர்க்கிள் வரை நடந்தே போனேன். பேருந்தில் ஏறி உட்கார மனம் வரவில்லை.

மறு ஆண்டு கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. அங்கே கடிதம் சொல்லும் அதிகாரி ஒரு நாள் 'வி ஆர் கான்ஃபிடன்ட்' என்று சொல்லி நிறுத்தி, அடுத்த சொல்லுக்காக ஜன்னலைப் பார்த்தார். என் பென்சில் 'ஆஃப்' எழுதி முடித்திருந்தது. தமிழ் வழியில் படித்த கைதான் அது, க.

பட்டியல் எழுதிச் சுவரில் ஒட்டாதீர்கள். காலை ரயிலில் ஆங்கிலப் பத்திரிகை படித்தால், பெயரடையோ பெயரோ வரும் இடத்தில் நிற்காமல் அடுத்த சிறு சொல்லையும் சேர்த்தே கண்ணில் வாங்குங்கள். இன்றிரவு அந்த வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'வி டிஸ்கஸ்ட் தி இன்க்ரீஸ் இன் காஸ்ட்.' 'இன்க்ரீஸ்' என்பதற்கும் 'இன்' என்பதற்கும் நடுவில் மூச்சு விட வேண்டாம்.

அன்புடன்.