காதில் கோளாறு என்று போனால் ஏன் ஃபோம் மேல் நிற்கச் சொல்கிறார்கள்?

நிலைதடுமாறாமல் நிற்பதில் உள்காதின் பங்கு எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதற்குத்தான்.

நேராக நிற்க மூளை மூன்று பேரிடம் விசாரிக்கிறது: கண், பாதமும் மூட்டுகளும் தரும் உணர்வு, உள்காது. உள்காதின் அரைவட்டக் குழாய்கள் தலை திரும்புவதைச் சொல்லும். பக்கத்திலுள்ள இரண்டு சின்னப் பைகள் சாய்வைச் சொல்லும். காது சரியில்லை என்றாலும் மற்ற இரண்டும் சமாளித்துவிடும். அதனால் கெட்டித் தரையில் கண் திறந்து நின்றால் குறை வெளியே தெரியாது.

எனவே முதலில் கண்ணை மூடச் சொல்வார்கள். அப்புறம் தடித்த ஃபோம் மேல் ஏற்றுவார்கள். அது அமுங்க அமுங்க, பாதம் சொல்லும் சேதியும் குழம்பிவிடும். இனி காது ஒன்றுதான் துணை. கரண்ட் போன இருட்டில் பஞ்சு மெத்தை மேல் எழுந்து நின்று பாருங்கள், விஷயம் புரிந்துவிடும் (சுவர் பக்கத்தில் இருக்கட்டும்!). வழக்கமாக 30 விநாடி நிற்கச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். சில இடங்களில் காலடியில் உள்ள அழுத்தமானிப் பலகை, உடல் எந்தப் பக்கம் எவ்வளவு ஆடுகிறது என்பதைக் கணினியில் கோடாக வரைந்துவிடும்.

ஆடினாலே காது போச்சு என்று நினைக்காதீர்கள்: நல்ல ஆரோக்கியமானவரும் லேசாக ஆடிக்கொண்டுதான் நிற்கிறார், சர்க்கரையால் மரத்த பாதமும் ஆட்டத்தைக் கூட்டும்.