கண்மாய் ஏன் தள்ளிப் போய் உக்காருது?

கேள்வி: எம்.எஸ்சி. ஜியோகிராபி முதல் வருஷம் படிக்கிறேன், இந்த செமஸ்டர்ல ஜிஐஎஸ் (கம்ப்யூட்டர்ல மேப் வரைஞ்சு அளக்குறது) பேப்பர். பழைய டோப்போ ஷீட்ட (சர்வே மேப்ப) ஸ்கேன் பண்ணி, மூலைல இருக்குற டிகிரிய டைப் பண்ணி, எங்க ஊர் கண்மாய வரைஞ்சேன். சாட்டிலைட் படத்து மேல போட்டா நூறு மீட்டருக்கு மேல தள்ளி உக்காருது, பரப்பளவு வேற 0.000033ன்னு வருது. மத்தவங்க எல்லாம் பட்டன தட்டி முடிச்சிடறாங்க, எனக்கு அடிப்படையே புரியலையோன்னு பயமா இருக்கு.
- ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: பயப்படாதம்மா, தள்ளி உக்காருதுன்னு உன் கண்ணுல பட்டுச்சு பாரு, அடிப்படையே அங்கதான் ஆரம்பிக்குது. பாயின்ட், லைன், பாலிகன் எல்லாம் ஒரு வாரத்துல பழகிடும், கலுங்கு ஒரு புள்ளி, கரை ஒரு கோடு, தண்ணி நிக்கிற இடம் ஒரு பாலிகன் (மூடுன வடிவம்), அவ்ளோதான். எல்லாரும் தடுமாறுறது கோஆர்டினேட் சிஸ்டத்துலதான், அதாவது ஒரு இடத்த எந்தக் கணக்குல நம்பரா சொல்றோம்ங்கறதுல.

பழைய ஷீட்ல அச்சடிச்சிருக்குற டிகிரி, 1830ல ஜார்ஜ் எவரெஸ்ட் கணக்கு போட்ட பூமி உருவத்த வச்சு வந்தது. சாட்டிலைட் படம் டபிள்யூஜிஎஸ் 84, ஜிபிஎஸ் பயன்படுத்துற பூமிக் கணக்கு. ரெண்டுக்கும் பூமியோட அளவும் வேற, மையமும் வேற, அதனால அதே 10 டிகிரி வேற வேற இடத்துல விழும். ஜியோரெஃபரன்ஸ் பண்றப்ப (ஸ்கேன் படத்த பூமில அதோட இடத்துல பொருத்துறப்ப) கல்யாண்பூர் 1975ன்னு, அதாவது எவரெஸ்ட் உருவத்த வச்ச கணக்க குடு, அப்புறமா டபிள்யூஜிஎஸ்க்கு மாத்து. இங்க ஒண்ணு கவனிக்கணும், கியூஜிஐஎஸ் சாஃப்ட்வேர்ல 'அசைன் ப்ரொஜெக்‌ஷன்' போட்டா லேபிள் மட்டும்தான் மாறும், உப்பு டப்பால சர்க்கரைன்னு எழுதி ஒட்டுன மாதிரி, உள்ள இருக்குற நம்பர் அப்படியே இருக்கும். நம்பரே மாறணும்னா 'ரீப்ரொஜெக்ட் லேயர்'தான். இத நான் படிக்கும்போது யாரும் சொல்லித் தரல, ஒரு மாச வேலை வீணாப் போச்சு.

அடுத்து அந்த 0.000033. அது தப்பான விடை இல்லம்மா, சதுர டிகிரி. நம்ம பக்கம் ஒரு சதுர டிகிரின்னா கிட்டத்தட்ட 12,100 சதுர கிலோமீட்டர், பெருக்கிப் பாரு, 40 ஹெக்டேர் வரும், கண்மாய்க்கு சரியான அளவுதானே. இதே லேயர்ல 500 மீட்டர் பஃபர்னு (கண்மாய சுத்தி ஒரு வளையம்) நெனச்சு 500 போட்டா அத 500 டிகிரின்னு எடுத்துக்கும், உலகமே மூடிப் போயிடும்.

அதனால அளக்குறதுக்கு முன்னாடி யூடிஎம்க்கு மாத்திக்கோ, அது உலகத்த ஜோன் ஜோனா பிரிச்சு மீட்டர்ல அளக்குற முறை. உங்க மாவட்டத்துல இதுலயும் ஒரு சிக்கல் இருக்கு, ரெண்டு ஜோனுக்கும் எல்லையான 78 டிகிரி தீர்க்கரேகை நடுவுல போகுது, திண்டுக்கல் டவுன் 43ஆவது ஜோன், நத்தம் 44. கண்மாய் எந்தப் பக்கம்னு பாத்து அந்த ஜோனோட கோடு நம்பர் 32643 இல்லன்னா 32644 போடு.

லீவுக்கு ஊருக்குப் போறப்ப போன்ல ஜிபிஎஸ் ஆன் பண்ணிட்டு கரை மேல ஒரு சுத்து நடந்து அந்த டிராக்கயும் லேயரா போட்டுப் பாரு. போன் சில மீட்டர் முன்னபின்ன காட்டும், ஆனா நூறு மீட்டர் தள்ளாது.