டாஃப்னியா, மீன் நச்சுச் சோதனை: கேள்வி பதில்

எம்.எஸ்ஸி. மாணவி: டாஃப்னியாவில் (நீர்ப்பூச்சி போன்ற சின்ன நன்னீர் உயிரி) 48 மணி நேரச் சோதனை. நச்சு சேர்க்காத கண்ட்ரோலில் 20-க்கு 4 டாஃப்னியா அசையவில்லை. ரிசல்ட்டை எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஓஇசிடி 202 என்ற சர்வதேச டாஃப்னியாச் சோதனை நெறிமுறை விடுவது 10 சதவீதம்தான், அதாவது 2. முதலில் தண்ணீரைப் பாருங்கள். குளோரினும் செம்புக் குழாயும் டாஃப்னியாவுக்கு எமன். அடுத்தது வயது: குஞ்சு 24 மணி நேரம் தாண்டியிருக்கக் கூடாது. முந்தின மாலை தாய்களைப் புதுத் தண்ணீருக்கு மாற்றி, காலையில் இருக்கும் குஞ்சுகளை மட்டும் எடுங்கள். முதல் ஈற்றுக் குஞ்சு வேண்டாம். பிப்பெட் நுனி தண்ணீருக்குள் இருக்கட்டும். ஓட்டுக்குள் காற்று புகுந்தால் குஞ்சு மேலே மிதந்து கிடக்கும். அதை நச்சின் வேலை என்று எழுதிவிடுவீர்கள்.

குழாய்த் தண்ணீரை ஒரு ராத்திரி திறந்து வைத்தால் போதுமா?

குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) இருந்தால் போகாது. அளந்து பாருங்கள். 1 மி.கி. குளோரினை நீக்கச் சுமார் 7 மி.கி. சோடியம் தயோசல்ஃபேட்.

உணர்கொம்பு ஆடுகிறது, நீந்தவில்லை. உயிரோடு என்று எண்ணலாமா?

பீக்கரை மெல்ல அசைத்து 15 நொடி பாருங்கள். நீந்தாவிட்டால் அசையாத கணக்கில் சேரும். அதனால்தான் எல்சி50 (பாதி உயிரிகளைக் கொல்லும் செறிவு) என்று சொல்லாமல் இசி50 (பாதியை அசையவிடாமல் செய்யும் செறிவு) என்கிறோம்.

ஆலை ஆய்வகர்: கழிவுநீரின் பிஎச் 7.2. ஏர் (காற்றுக் குமிழி) விட்டு மீன் வைத்தோம், இரண்டாம் நாள் செத்தன. அம்மோனியா நைட்ரஜன் 30 மி.கி./லி.

இப்போது பிஎச் அளந்தீர்களா? ஏர் விட்டால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பிஎச் ஏறும். 25 டிகிரியில் 7.2-ல் அம்மோனியாவில் 1 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் நச்சு வடிவில் இருக்கும், 8.2-ல் 8 சதவீதம். உங்கள் 30 மி.கி.யில் நச்சு வடிவம் 0.3 மி.கி.யிலிருந்து 2.5 ஆகிவிடும். மீனைக் கொன்றது அதுவாக இருக்கலாம்.

இன்னொருவர்: அப்படியானால் ஏரே விடக் கூடாது.

மூச்சுத் திணறிச் செத்தால் அதுவும் பொய் ரிசல்ட்தான். ஆக்சிஜன் 60 சதவீதச் செறிவுக்குக் கீழே போகக் கூடாது. மெல்லிய குமிழி விடுங்கள், தினமும் பிஎச் குறியுங்கள்.

ஆலை ஆய்வகர்: அமிலம் விட்டு 7.2-ல் நிறுத்தினால்?

அமிலம் உலோகத்தைக் கரைத்துவிடும், மாதிரியே மாறிப்போகும். ஒரு தொட்டியை அப்படியே விட்டு, பக்கத்துத் தொட்டியில் கார்பன் டை ஆக்சைடு கொண்டு பிஎச்சை நிறுத்துங்கள். இரண்டாவதில் மீன் பிழைத்தால் அம்மோனியாவைச் சந்தேகிக்கலாம். ஆனால் இது காரணம் தேடும் சோதனை. கழிவுநீர் விதி கேட்பது 100 சதவீதக் கழிவுநீரில், அதாவது நீர் கலக்காததில், 96 மணி நேரத்துக்குப் பின் 90 சதவீத மீன் பிழைப்பது. 10 மீனில் 2 போனால் தோல்வி. அந்த அறிக்கைக்கு மாற்றாத மாதிரியின் எண்ணைத்தான் தர வேண்டும்.

டாஃப்னியாக் கூட்டம் நலமா என்று எப்படி அறிவது?

பொட்டாசியம் டைக்ரோமேட் என்ற தெரிந்த நச்சைக் கொடுத்துச் சோதியுங்கள். 24 மணி நேர இசி50 0.6 முதல் 2.1 மி.கி./லி.க்குள் வர வேண்டும். மிச்சத்தைக் கழுவு தொட்டியில் கொட்டாதீர்கள், அது நச்சான ஆறிணைதிறக் குரோமியம்.

எந்த மென்பொருளில் புராபிட் (இசி50 கணக்கிடும் புள்ளியியல் முறை) போடுவது?

புள்ளியியல் துறையில் கேளுங்கள்.

போர்வெல் தண்ணீரை ராத்திரி முழுக்க வைத்தால்...

இரண்டாவது பதிலைப் பாருங்கள். போர்வெல் என்றால் கடினத்தன்மையும் செம்பும் சேர்த்து அளக்க வேண்டும். அளக்காத தண்ணீரில் ஒரு குஞ்சைக்கூட விடாதீர்கள்.